யாருடைய வாசற்படியும் இல்லாத கப்பல்

முப்பத்தோரு வருடம் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். எந்த மெஷினில் எந்தப் பாகம் எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தண்ணீர் லாரி வரும் நாள், சிலிண்டர் பதிய வேண்டிய நாள், ஜன்னல் கொசுவலை கழற்றித் துவைக்கும் நாள் எல்லாவற்றுக்கும் எக்செல் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். என் மனைவி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் அதன் மேலேயே மளிகைச் சாமான் பட்டியலை ஒட்டிவிட்டாள்.

அதனால் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகலாம் என்ற பேச்சு வீட்டில் வந்தபோது, பயணத்தை விடவும் பயணத்துக்குத் திட்டம் போடலாம் என்பதில்தான் எனக்கு அதிக சந்தோஷம். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

மகன் ஸ்டாக்ஹோமில் இருக்கிறான். மூத்தவன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அது தனிக்கதை. மகள் கடலுக்கு அந்தப் பக்கம், பின்லாந்தில், டுர்கு என்ற துறைமுக ஊரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே கப்பல் கட்டும் தளத்தில் வேலை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கிற கடல் என் கட்டைவிரல் நகம் அகலம்தான். காலையில் கப்பல் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தக் கரையில் இருக்கலாம். ஆனாலும் அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பார்க்காதது மட்டுமில்லை, பேசுவதும் இல்லை.

காரணம் மகளுடைய கல்யாணம். அண்ணன் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஓமகுண்டத்துக்கு முன்னால் பெண் இரண்டு கையையும் குவித்து நிற்பாள். அவள் உடன்பிறந்தவன் அந்தக் கையில் பொரியை அள்ளி இடுவான். அவள் அதை அக்கினியில் போடுவாள். ஒரு நிமிடச் சடங்கு. போட்டோகிராபர்கூட அந்த நேரத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்பார். தாம்பரம் மண்டபத்தில் ஐயர் "பொண்ணோட அண்ணன் வரலாம்" என்று கூப்பிட்டபோது என் மகள் குவித்த கையோடு மண்டப வாசலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். என் மச்சினியின் பையன் அவசரமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடை ஏறிப் பொரியைப் போட்டான். பாதி கீழே சிந்தியது.

ஒரு வாரம் கழித்து அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். இனிமேல் நீ எனக்கு அண்ணன் இல்லை, என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டாள். அவன் பதிலுக்கு, நீ கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டேன் என்று ஒரு மெசேஜ் அனுப்பினான். எங்கள் ஜனங்களிடம் இந்த வார்த்தை லேசானதில்லை. பங்காளிச் சண்டையில் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, எதிர் வீட்டில் சாவு விழுந்தபோதும் தெருவில் நின்றே அழுதுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகள் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள், பனிக்கட்டியில் சறுக்குகிறார்கள், ஆனால் அந்த வார்த்தையை மட்டும் ஊரிலிருந்து பத்திரமாக எடுத்துப் போயிருந்தார்கள்.

இப்போது என் விஷயம். மகன் வரமாட்டான் என்று எனக்குக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே தெரியும்.

அவனுடைய விசா நீட்டிப்பு விண்ணப்பத்தில் இருந்தது. அந்த நேரத்தில் வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியுமா என்பது நிச்சயமில்லை, வேலையும் போய்விடலாம். அவன் முதலில் என்னைத்தான் கூப்பிட்டான். அழாத குறை. தங்கச்சியிடம் நானே சொல்கிறேன் என்றான். நான் பெரிய மனிதனாக, "நீ சொல்லாதடா, நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றேன். பக்குவம் வருவதற்குள் பத்திரிகை கொடுத்து முடிந்தது, நலங்கு முடிந்தது. அவள் தினமும் கேட்டாள். நான் தினமும் ஒன்று சொன்னேன். முயற்சி பண்ணுகிறான் என்றேன். டிக்கெட் பார்க்கிறான் என்றேன். கடைசியில், கல்யாணத்தன்று காலையில் வந்து நிற்பான் பார் என்றுகூடச் சொன்னேன். அந்தப் பக்கம் மகனிடம், அவள் கோபத்தில் இருக்கிறாள், நீ இப்போது கூப்பிடாதே என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் இரண்டு தட்டில் மறைத்தேன்.

தொழிற்சாலையில் என் பிரிவுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. காலை கூட்டத்தில் முதலில் சொல்ல வேண்டியது, எந்தப் பொருள் வராது என்பது. வருவதைச் சொல்ல நேரம் இருக்கிறது. வராததை முதலில் சொல். உற்பத்தி லைன் நின்ற பிறகு சொல்கிறவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். ஒரு பையனை அழவே வைத்திருக்கிறேன். வீட்டில் லைன் நின்றபோது, தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டு பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதம் போகப் போக, சொல்ல வேண்டியது ஒன்று, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பது இன்னொன்று என்று இரண்டாக வளர்ந்துவிட்டது.

பயணப் பேச்சு வந்ததும் மனைவி நிபந்தனை போட்டாள். ரவாவை வறுத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"பத்து நாள் அவன் வீட்ல, பத்து நாள் இவ வீட்ல, அங்க போயி இவளைப் பத்திப் பேசாம, இங்க வந்து அவனைப் பத்திப் பேசாம, அப்படி ஒரு டூர் எனக்கு வேணாங்க. ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடறதை நான் பார்க்கணும். அது முடியும்னா டிக்கெட் போடுங்க."

அவள் முட்டி வலிக்காரி. இந்த வருடம் நடப்பாள், அடுத்த வருடம் எப்படி என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. போகவில்லை என்றால் அப்புறம் போகவே போவதில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு வாரம் நான் தூங்காமல் யோசித்தேன் என்று சொன்னால் பொய். பகலில் யோசித்தேன், ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மகன் மகள் வீட்டுக்கு வரமாட்டான். மகள் அண்ணன் இருக்கிற ஊர்ப் பக்கமே தலை வைக்க மாட்டாள். ஓட்டலில் சந்திக்கச் சொன்னால் யாராவது ஒருவர் எழுந்து போய்விடலாம். அப்போதுதான் இந்தக் கப்பல் கண்ணில் பட்டது. காலையில் ஸ்டாக்ஹோமில் கிளம்பி, மதியம் ஓலண்ட் என்ற தீவில் கொஞ்ச நேரம் நின்று, இரவு டுர்கு போய்ச் சேர்கிறது. கப்பலில் வாசற்படி இருக்கும், ஆனால் அது இவன் வாசற்படியும் இல்லை, அவள் வாசற்படியும் இல்லை. யாரும் வார்த்தை தவற வேண்டாம். உள்ளே சாப்பாட்டுக் கூடம் இருக்கிறது, பெரிய பெரிய மேசைகள் இருக்கின்றன, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்தான். எழுந்து எங்கே போவார்கள்?

இன்னொன்றும் உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். அவர்கள் தாமாகச் சமாதானம் ஆகிவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது என்று கணக்குப் போட்டேன். கப்பல் என் வேலையைச் செய்துவிடும்.

திட்டம் இப்படி. மகனிடம், எங்களுக்குப் பாஷை தெரியாது, அம்மாவுக்கு முட்டி வலி, கப்பலில் துணைக்கு வா, டுர்குவில் துறைமுகத்தோடு திரும்பிவிடு என்று சொல்வது. மகளிடம், பாதி வழி வந்து தீவில் எங்களோடு ஏறிக்கொள் என்று சொல்வது. அவள் ஊரிலிருந்தும் காலையில் ஒரு கப்பல் அந்தத் தீவுக்கு வருகிறது. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியக் கூடாது. தீவிலிருந்து டுர்கு வரை ஐந்து மணி நேரம். நான்கு பேர், ஒரு மேசை.

ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. கப்பலுக்கு ஸ்டாக்ஹோமிலிருந்து நான்கு பேருக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டு, ஒருத்தி மட்டும் நடுவில் ஏறலாமா? இதை சேலையூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் என் நண்பரிடம் கேட்டேன். அவர் என்னோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்துப் பழைய குடி, தாத்தா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். சேலையூரைத் தாண்டி எந்தக் கடலையும் பார்த்தவரில்லை என்றாலும் எதற்கும் பதில் வைத்திருப்பார்.

"இதுக்கா மச்சான் இத்தினி பேஜார் ஆவுற? வண்டி எழும்பூர்ல கெளம்புது, நாம எங்க ஏர்றோம்? தாம்பரத்துல. இத்தினி வருசமா எழும்பூர்ல இருந்து டிக்கெட் போட்டுக்கினு தாம்பரத்துல ஏறலியா? அந்தத் தீவு அவங்களுக்குத் தாம்பரம் மாரி. கப்பல் நிக்குது இல்ல, அப்புறம் இன்னா?"

எனக்கு இது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. தெற்கே போகிற எந்த ரயிலுக்கும் நாங்கள் எழும்பூர் போனதே கிடையாது. டிக்கெட்டில் எழும்பூர் என்று இருக்கும், ஏறும் இடம் தாம்பரம் என்று மாற்றிவிடுவோம், பாதிக் குடும்பம் மாம்பலத்தில் ஏறி எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். இட்லிப் பொட்டலத்தோடு தாம்பரத்தில் காத்திருக்கிற சுகம் தெரிந்தவனுக்கு, உலகத்தில் எந்த வண்டியும் அப்படித்தான் ஓடும் என்ற நம்பிக்கை தானாக வந்துவிடும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை, ராகு காலம் பத்தரைக்குத்தான். விசாவுக்கும் பயணத் திட்டம் காட்ட வேண்டியிருந்ததால் தள்ளிப்போட முடியாது. பயணிகள் நான்கு. நான், மனைவி, மகன், மகள். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, ஈமெயில் கேட்டது, எழுதினேன். தொடர்புக்கு ஒரு போன் நம்பர் கேட்டது. நம் ஊர் நம்பர் அங்கே வேலை செய்யுமோ என்னவோ என்று மகன் நம்பரைக் கொடுத்தேன். மனைவியின் முட்டிக்காகப் பகலில் படுத்துக்கொள்ள ஒரு அறையும் எடுத்தேன். ஏறும் இடத்தை மாற்றுகிற பெட்டி எங்கேயும் இல்லை. பரவாயில்லை, கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், நாலாவது பயணி நடுத் தீவில் ஏறிக்கொள்வார், தயவுசெய்து அவருக்காகக் காத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் பவ்யமாக எழுதினேன். பத்து இருபத்தெட்டுக்குப் பணம் கட்டி முடித்தேன்.

எழுந்து ஒரு டம்ளர் மோர் குடித்தேன். என் வாழ்க்கையில் போட்ட அட்டவணைகளிலேயே இதுதான் சிறந்தது என்று தோன்றியது.

மறுநாள் கப்பல் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். கிளம்புகிற துறைமுகத்தில் வராத பயணி வராதவராகவே கருதப்படுவார். நடுவில் ஏற அவருக்குத் தனி டிக்கெட் வேண்டும். இன்று மாலைக்குள் மாற்றினால் கட்டணம் இல்லை. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தபோதுதான் அந்த ஈமெயிலின் தலையைப் பார்த்தேன். நான்கு முகவரிகள். முந்தின நாள் வந்த உறுதிச் சீட்டும் நான்கு பேருக்கும் போயிருந்தது. அதில் நான்கு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. அதற்குக் கீழே நாலாவது பயணிக்காகக் காத்திருக்கச் சொல்லி நான் எழுதிய வரியும் இருந்தது.

யாரும் போன் செய்யவில்லை. மகனும் செய்யவில்லை, மகளும் செய்யவில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் கூட இல்லை. என் மெசேஜுக்கு இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். நான் லேப்டாப்பைத் திறந்து டிக்கெட்டை மாற்றப் பார்த்தேன். உறுதிப்படுத்தும் எண் தொடர்பு நம்பருக்கு அனுப்பப்பட்டது என்றது. தொடர்பு நம்பர் மகனுடையது. அவனிடம் அந்த எண்ணைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவியிடம் எல்லாம் சரியாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மகனிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மனைவி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் மகன், ஒன்றில் மகள். என் மனைவி புடவைத் தலைப்பால் போனின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள். ஈரக் கையோடு நான் அவள் பின்னால் போய் நின்றேன். சந்தோஷத்தில் அந்த நிமிடம் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

மகன்தான் முதலில் சிரித்தான். "அப்பா, இது மதுரைக்குப் போற ரயில் இல்லப்பா. மாம்பலத்துல ஒரு ஃபேமிலி, தாம்பரத்துல ஒரு ஃபேமிலின்னு ஏத்திக்கிட்டுப் போக மாட்டாங்க."

நடந்ததை மகள் சொன்னாள். ஈமெயிலைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்ததாம். தன்னைக் கேட்காமல் தன் பெயரை எப்படிப் போடலாம் என்று டிக்கெட்டை ரத்து செய்யப் பார்த்திருக்கிறாள். அவளுக்கும் அதே கதைதான், எண் மகன் போனுக்குப் போனது. மாலைக்குள் கெடு. எங்கள் ஊரில் நேரமாகிவிட்டது, நான் தூங்கியிருப்பேன். வேறு வழியில்லாமல், டிக்கெட் விஷயம் மட்டும், இரண்டு நிமிடம், என்று சொல்லிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு நிமிடம் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த பத்து நிமிடம் அப்பாவுக்குப் புத்தி இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம்.

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சிரிப்பு போய்விட்டது. கல்யாணத்தன்று வாசலைப் பார்த்த அதே முகம்.

"அண்ணன் மூணு வாரம் முன்னாடியே உங்ககிட்ட சொல்லிட்டானாமேப்பா?"

என் மனைவி போனைப் பார்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று சொன்னதாக ஞாபகம். சத்தம் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், எப்போதும் செய்கிற மாதிரி, "இரும்மா, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்றேன். அம்மா பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்பா. இப்ப சொல்லாதீங்க," என்றாள் மகள். அவள் குரலில் கோபத்தை விடக் களைப்புதான் இருந்தது. "எப்பவும் இப்படித்தான், கஷ்டமான பேச்சு வந்தா அம்மாகிட்ட போனைக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் ஸ்டாக்ஹோமுக்கு வரேன். அண்ணன் வீட்டுக்கே வரேன். நாலு பேரும் ஒண்ணாவே ஏறலாம். கப்பல்ல எங்கயும் போக முடியாது இல்ல? அங்க சொல்லுங்க. முதல்ல இருந்து சொல்லுங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டு காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனையும் அல்லவா நான் ஏமாற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என் மனைவி என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டாள். மேசையைப் பார்த்து, ரசம் இருக்கிறது என்றாள். கதவைப் பார்த்து, பால் வந்துவிட்டது என்றாள். நான் கதவுக்கும் மேசைக்கும் நடுவே நடமாடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டிருந்தாலோ திட்டியிருந்தாலோ பரவாயில்லை. மூன்று வருடம் தன் மகனைக் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவனிடம் இரண்டு வார்த்தையோடு போனை வைத்தவள். அந்த இரண்டு வார்த்தையும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

பிள்ளைகள் அதற்குள் என் திட்டத்தைக் கைப்பற்றிவிட்டார்கள். நான் இணையத்தில் போட்டு வைத்திருந்த அட்டவணையில் இருவரும் உள்ளே வந்து திருத்த ஆரம்பித்தார்கள். காலையில் திறந்து பார்த்தால் ஏதாவது மாறியிருக்கும். நான் பகலில் படுக்க எடுத்த அறையை ஜன்னல் உள்ளதாக மாற்றியது யாரோ ஒருவர். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, ஏறும்போது மட்டும், என்று ஒரு வரி. கப்பல் சாப்பாட்டில் எது காரம், எது வெறும் உருளைக்கிழங்கு என்று மகள் எழுத, எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று மகன் கீழே எழுத, கப்பலில் வெளிச் சாப்பாடு பிரிக்கக் கூடாது என்று அவள், யார் பார்ப்பார்கள் என்று அவன். சின்ன வயதில் ரயிலில் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொண்ட அதே குரல்தான், எழுத்தில் கேட்டது. நான் ஒன்றையும் தொடவில்லை. சும்மா திறந்து வைத்துப் படித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் மனைவி நின்று படிப்பது தெரியும். திரும்பிப் பார்த்தால் போய்விடுவாள்.

அந்த அட்டவணையில் நான்கு பத்திகள். நேரம், இடம், வேலை, பொறுப்பு. தொழிற்சாலைப் பழக்கம், பொறுப்பு என்ற பத்தி காலியாக இருந்தால் அந்த வேலை நடக்காது. மூன்றாம் நாள் காலையில் நடுவே ஒரு புது வரி முளைத்திருந்தது. நேரம்: மதியம், சாப்பிட்ட பிறகு. இடம்: மேல் தளம், ஜன்னல் பக்கம். வேலை: பேசுவது. பொறுப்பு: அப்பா.

யார் போட்டது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான் பார்க்கவில்லை.

அன்று முழுக்க என்ன சொல்வது என்று ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்தேன். சாயந்திரம் மனைவி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவள் கையை நிறுத்தாமல், மூன்று நாளில் முதல் முறையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"அங்க போயி திக்கித் திணறி நின்னீங்கன்னா அந்தப் பொண்ணு தாங்காது. இங்கயே ஒரு தடவை சொல்லுங்க. நான்தான் உங்க பொண்ணுன்னு வெச்சுக்குங்க."

நான் காகிதத்தைப் பார்த்துப் படித்தேன். உன் அண்ணன் வரமாட்டான் என்று எனக்கு முன்னாடியே தெரியும், கல்யாணப் பெண் அழுத முகத்தோடு மணையில் உட்காரக் கூடாதே என்றுதான் சொல்லாமல் விட்டேன் என்று ஆரம்பித்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது விடை இல்ல. அவ அழுவாங்கறது உங்க காரணம் இல்ல. அவ எப்படியும் அழுதா. அதை அடிச்சிட்டு திருப்பிச் சொல்லுங்க."

முப்பது வருடம் பிள்ளைகளின் தப்புக் கணக்கைத் திருத்தியவள். இதையும் விடவில்லை. நான் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். அடங்கியது. அதற்கு மேல் காத்திருக்கக் காரணம் இல்லை.

"எனக்கு பயம்மா," என்றேன். "நீ அழுவேன்னு இல்ல. நீ அழறப்போ நான் எதிர்ல நிக்கணுமேன்னு பயம். அதான் உன்னை வாசலைப் பார்க்க விட்டுட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாதி அவரைக்காயை என் பக்கம் தள்ளினாள்.

"இதைச் சொல்லுங்க அவகிட்ட," என்றாள். "நானும் பக்கத்துலதான் இருப்பேன். போனை மட்டும் என்கிட்ட குடுக்காதீங்க."